வீட்டிலும் கலப்படம்

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் இருப்பவளுக்கு,

இன்று காலை ரொட்டி, முட்டை, சீஸ் எல்லாம் அடுக்கி நானே ஓவனில் வேகவைத்தேன், பிள்ளைகள் தொடவில்லை. நீ ஒரு பாதியில் தேனும் மறுபாதியில் மிளகும் போடுவாயாம். எனக்கென்ன தெரியும்? வேலை மிச்சம் என்று தேனையும் மிளகையும் ஒன்றாகக் கலந்து மேலே ஊற்றிவிட்டேன்.

"ஏம்ப்பா, வீட்டுலயுமா கலப்படம்?" என்கிறாள் பெரியவள். இத்தனை வருட மளிகை வியாபாரத்தில் ஒருவனும் என்னை அப்படிக் கேட்டதில்லை! சின்னவன், "அம்மா எப்ப வரும்?" என்று தட்டைத் தள்ளிவிட்டான்.

"வீட்டில் உனக்கு அப்படி என்ன வேலை?" என்று கேட்டேன் அல்லவா, பதில் கிடைத்துவிட்டது. போதும் தாயே.

நீ திரும்பி வருவதற்கு உன் அக்கா போனில் பேசி முடித்த பேரத்துக்குச் சம்மதம்: ஞாயிறு சமையல் என்னுடையது, குறை சொல்வது உன்னுடையது. இதற்கு மேல் இறங்க எனக்குக் கட்டுப்படியாகாது.

உன் வீட்டுக்காரன்