முன்பதிவு வாசல் ஊழியர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்:
திரையரங்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் பணியாளர்,
திரையரங்க ஊழியர் குடியிருப்பு, மாடி வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகம்.

பொருள்: முன்பதிவு வாசலில் பணிபுரியும் பெண் ஊழியர் மீது நான் அளித்த புகார் பொய் என்பதால், அதை ரத்து செய்து அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல்.

பார்வை: 1. புகார்ப் பெட்டியில் நான் போட்ட மனு. 2. தங்களது வருத்தக் கடிதமும் உடன் வந்த ஐந்து இலவச அனுமதிச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

புகார் கொடுத்தவனே அந்தப் புகாருக்கு எதிராக இந்த மனுவை எழுதுகிறேன். படிக்கும்போது தங்களுக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படிக்குமாறு தங்களை மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

1. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்தி வீட்டார் முதன்முறையாக எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். சம்பந்தியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. தங்கள் அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருக்கு மூட்டுவலி. பொது வரிசையோ கட்டடத்தையே சுற்றி நிற்கும் என்று கேள்விப்பட்டேன். ஆகவே இணைய மையத்தில் என் பெயரில் நானும் மனைவியும், சம்பந்தி வீட்டார் மூவரும் என ஐந்து பேருக்கு முன்பதிவு செய்து, காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டேன். கையில் காகிதம் இல்லாத டிக்கெட்டை டிக்கெட் என்று நம்ப என்னால் முடியாது.

2. அன்று காலையிலிருந்தே என் பேச்சு தாங்கவில்லை. "வரிசையா? நமக்கா? நேரா உள்ள போறோம் சம்பந்தி, பாத்துக்கிட்டே இருங்க" என்று பேருந்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அங்கே பொது வரிசையில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு காலை மாற்றி மாற்றி வைத்து நின்றவர்கள், இவர்கள் எல்லோரையும் தாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். முன்பதிவு வாசலில் ஓரமாக நின்று, என் ஆட்கள் ஒவ்வொருவராகக் கடக்கக் கடக்க ஆளுக்கொரு டிக்கெட்டைக் கையில் கொடுத்தேன். பெரிய மனுஷனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன.

3. தங்கள் ஊழியரின் மெஷின் எங்கள் டிக்கெட் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. அவர் பொறுமையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, க்யூஆர் கோடு இருக்கற மூலையே இல்லையே. யாராச்சும் கிழிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். அதற்கு நான், "டிக்கெட்டைப் பத்தி எனக்கே பாடமா? நான் முழுசாத்தான் கொடுத்தேன். நீதான் வாங்கும்போது கிழிச்சே!" என்று கத்தினேன். என் மகள் வயதுள்ள பெண்ணை, அத்தனை பேர் முன்னால், வாடி போடி என்று சொல்லாத குறையாகப் பேசினேன். பொது வரிசையில் ஒருவர், "முன்பதிவாம் முன்பதிவு!" என்று சிரித்தார். சம்பந்தி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

4. தங்கள் ஊழியர் எங்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. யார் பெயரில் பதிவு என்று கேட்டு, கணினியில் தேடி எடுத்து, கையால் குறித்துக்கொண்டு உள்ளே விட்டார். தன் நாற்காலியைச் சம்பந்தியம்மாவுக்கு இழுத்துப் போட்டார். என்னிடம், "கோவப்படாதீங்க பெரியவரே, உள்ள போய் நிம்மதியா பாருங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்த நிம்மதி எனக்கு எங்கே? உள்ளே ஒரு சிலையையும் நான் பார்க்கவில்லை. எதன் முன்னால் நின்றாலும் புகாரின் வாசகங்களைத்தான் மனதில் கோத்துக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது, ஊழியர் டிக்கெட்டுகளைக் கிழித்தார், மரியாதைக் குறைவாகப் பேசினார் என்றெல்லாம் எழுதி, சம்பந்தி பார்க்கும்படி பெட்டியில் போட்டேன்.

5. மறுநாள் என் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி, மேல் பையிலிருந்து ஐந்து காகிதத் துண்டுகளை எடுத்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதையும் அந்தப் பொண்ணுதான் உங்க பையில போட்டாளா?" என்று கேட்டார்.

6. நான் வேலை செய்யும் திரையரங்கில், டிக்கெட்டை வாங்கியதும் ஒரு பகுதியைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பதுதான் முறை. காலமெல்லாம் செய்து செய்து, அதற்கு என் கை என்னைக் கேட்பதே இல்லை. மகளின் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் ஓரம் கிழித்துத்தான் கொடுத்தேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். வாசலில் ஆட்கள் வரிசையாக வந்ததும் கை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துவிட்டது. அந்தத் துண்டுகளை இம்மனுவுடன் இணைத்துள்ளேன்.

7. அப்போதே ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த மாதிரிப் பெட்டிகளை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தாங்கள் திறந்து பார்த்துவிட்டீர்கள். அந்த ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும், மெஷினில் காட்டாமல் ஆட்களை உள்ளே விட்டதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருப்பதாகவும், ஒப்பந்தப் பணி என்பதால் விசாரணைக்குப் பின் நீக்கப்படக்கூடும் என்றும் தங்கள் கடிதம் சொல்கிறது. எனக்கு ஏற்பட்ட மனவேதனைக்கு வருத்தமும் தெரிவித்திருக்கிறீர்கள். என் மனவேதனைக்கு! அந்த வரியை மனைவிக்குப் படித்துக்காட்ட எனக்கு வாய் வரவில்லை.

8. நானும் வாசலில் நிற்பவன்தான். இருக்கை சரியில்லை என்ற கோபத்தில் ஒருவர் என் மீது இல்லாததைச் சொல்லி, முதலாளி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு. பொய்ப் புகார் எப்படி வலிக்கும் என்று தெரிந்தே, என் தொழிலைச் செய்யும் ஒரு பெண்ணின் வயிற்றில் அடித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது ஐயா. இதைவிட நாகரிகமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, என் புகாரை ரத்து செய்து அவரை உடனே வேலையில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். எங்களை உள்ளே விட்டது அவர் குற்றமானால், எங்களிடம் செல்லுபடியான பதிவு இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலையில்லாமல் இருந்த நாட்களின் சம்பளத்தையும் அவருக்குத் தரவேண்டும். இலவசச் சீட்டுகள் ஐந்தையும் திருப்பி அனுப்பியுள்ளேன். ஒன்றும் கிழியவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். வரிசை மிக நீளமாக இருக்கும் நேரமாகப் பார்த்து அதே வாசலுக்கு என்னைக் கூப்பிடுங்கள். எந்தக் குரலில் திட்டினேனோ அதே குரலில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் ஒருவனுடைய கையெழுத்தை நம்பி ஒருவரின் பிழைப்பை நிறுத்திவிட்டீர்கள். இம்முறையும் அப்படி நம்ப வேண்டாம். என் மனைவியும் கீழே தன் கைப்பட எழுதியிருக்கிறார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

நாள்: தங்கள் கடிதம் கிடைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை
இடம்: ஊழியர் குடியிருப்பு

தலைகுனிவுடன்,
(ஒப்பம்)
திரையரங்கு வாசல் பணியாளர்

மேலே கண்டவை உண்மை. இவர் கிழித்துக் கிழித்துப் பையில் போட்டதை நான் அங்கேயே பார்த்தேன். சம்பந்தி முன்னால் இவர் தலை குனியக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு, அந்தப் பெண் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க இவரைக் கூப்பிடும் நாளில் என்னையும் கூப்பிடுங்கள்.

(ஒப்பம்)
மனைவி