டோக்கனை நம்பிப் பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டாம்

அனுப்புநர்
மு. நாகஜோதி (வயது 66),
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
உச்சிப்புளி,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: அக்காள்மடம் கடற்கரை – இளையோர் கோடை நீச்சல், டைவிங் லீக் – 15.06.2024 சனிக்கிழமை இறுதிச் சுற்று – தண்ணீரில் காவலுக்கு ஆள் இல்லாமை – தேதியை மாற்றக் கோருதல் மற்றும் நான் எழுதிய பாதுகாப்புக் குறிப்பைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அக்காள்மடம், பாம்பன் பகுதிப் பிள்ளைகளுக்காக ஆறு ஆண்டுகளாகக் கோடை விடுமுறையில் ஒரு நீச்சல், டைவிங் லீக் நடந்து வருகிறது. ஊர்க்காரர்களே குழு அமைத்து நடத்துகிறார்கள். இந்த ஆண்டு அறுபத்து நான்கு பிள்ளைகள். பத்து வயது முதல் பதினாறு வரை. இருபத்து மூன்று பேர் பெண் பிள்ளைகள். பழைய ஜெட்டி எனப்படும் படகுத்துறைப் பாலத்தின் முனையிலிருந்து டைவ் அடிக்க வேண்டும். அங்கே ஆழம் பதினோரு அடி. பெயர் வாசிப்பதும், தண்ணீரில் இறங்கியவர்களை எண்ணிக்கை வைப்பதும் முதல் ஆண்டிலிருந்து என் வேலை.

2. இந்த லீக் ஏன் கோடையில் நடக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். பள்ளி விடுமுறை என்பது பாதிக் காரணம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அவற்றில் போகும் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஒவ்வொரு போட்டியிலும் ஜெட்டியைச் சுற்றித் தண்ணீரில் மிதந்தபடி காவல் நிற்பார்கள். ஆளுக்கு ஓர் இடம். வயிறு அடிபட விழும் பிள்ளையைப் பார்த்து, "ஏலே, தண்ணிக்கு வலிக்கப் போகுது, மெல்ல விழு!" என்று கேலி பேசுவார்கள். கேலி பேசும்போதும் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

3. கரையில் நான் வைத்திருக்கும் ஏற்பாடு மிக எளியது. கடலுக்குப் போகும் விசைப்படகு மீன்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்து நான் எடுத்துக்கொண்ட யோசனை அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் எழுதிய டோக்கன் ஒன்று உண்டு. தண்ணீரில் இறங்கும்முன் என்னிடம் கொடுக்க வேண்டும். நான் பலகையில் ஆணியில் மாட்டுவேன். கரையேறியதும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்தப் பிள்ளை இன்னும் தண்ணீரில் இருக்கிறது என்று பொருள். இதை விளக்கி ஏப்ரல் மாதம் நான் ஒரு பாதுகாப்புக் குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டுக் குழுவிடம் கொடுத்தேன். "இம்முறையில் இதுவரை பிழை நேர்ந்ததில்லை" என்று அதில் எழுதியிருக்கிறேன். எழுதிய நாளில் அது உண்மை.

4. மே 18 அன்று பிழை நேர்ந்தது. பிழை என்னுடையது. மூன்றாம் சுற்று முடிந்து பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். ஆணியில் 41 மட்டும் தொங்கியது. அது அனிட்டா என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணின் எண். டோக்கனை வாங்க மறந்து ஓடுவது பிள்ளைகளுக்கு வழக்கம். அன்று அதற்குமுன் நான்கு பேர் அப்படி ஓடியிருந்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். தண்ணீரிலிருந்து ஆன்டனி ராஜ் என்ற விசைப்படகு ஓட்டுநர், "டீச்சர், குதிச்ச புள்ள மேல வரலயே!" என்று கத்தினார். "அவ அப்பவே ஏறிட்டா தம்பி, டோக்கனை வாங்காமப் போயிருப்பா" என்று நான் பதில் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். "நீங்க டோக்கனை எண்ணுங்க, நான் புள்ளைய எண்ணுறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் முங்கினார்.

5. ஜெட்டியின் தூணில் சிக்கிக் கிடந்த அறுந்த வலைத்துண்டு ஒன்று அவள் கணுக்காலைச் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள். கரைக்குக் கொண்டுவந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. கவிழ்த்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகு இருமினாள். அதன் பிறகு அழுதாள். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்று நன்றாக இருக்கிறாள். வலைத்துண்டுகளை ஆட்கள் மறுநாளே அகற்றினார்கள். ஆனால் அங்கே நீரோட்டம் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டேயிருக்கும். கலங்கிய தண்ணீரில் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

6. வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது பக்கத்துப் பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று குரல் கொடுத்தாலும் கோடு விழுந்துவிடும். பதிவேடு சரியாக இருக்கும். பெஞ்சு காலியாக இருக்கும். தலையை நிமிர்த்திப் பார்த்தால்தான் தெரியும். வகுப்பறையில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. கடலில் அந்தப் பார்வைதான் எட்டு ஆட்கள். என் பலகை வெறும் பதிவேடு.

7. இறுதிச் சுற்று ஜூன் 8ஆம் தேதி நடந்திருக்க வேண்டும். சிறப்பு விருந்தினருக்குத் தோதுப்படவில்லை என்று 15ஆம் தேதி காலை பத்து மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். 14ஆம் தேதியோடு தடைக்காலம் முடிகிறது. 15ஆம் தேதி எட்டுப் பேரும் கடலில் இருப்பார்கள். ஆன்டனி ராஜிடம் நேரில் போய்க் கேட்டேன். "அறுபத்தொரு நாளு கரையில கெடக்குறோம் டீச்சர். நான் வரலன்னா ஓனர் வேற டிரைவர ஏத்திருவாரு. ஆளில்லாம புள்ளைகள எறக்காதீங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லாததால் அவர்கள் எந்த ஆண்டும் காவலுக்கு வந்தவர்கள் அல்லர்.

8. குழுச் செயலாளரிடம் மூன்று முறை முறையிட்டேன். அவர் கெட்டவர் அல்லர். பிள்ளைகளுக்காக ஓடியாடி உழைப்பவர். "டீச்சர், ஒங்க டோக்கன் இருக்கையில என்ன பயம்? ரெண்டு மிதவை வளையம் வாங்கி வச்சிருக்கோம். விருந்தாளிய ரெண்டாவது தடவ மாத்தச் சொல்ல முடியாது" என்கிறார். தங்கள் அலுவலகத்தில் அனுமதிக்காக அவர் கொடுத்துள்ள விண்ணப்பத்தில் என் ஏப்ரல் மாதக் குறிப்பைத்தான் பாதுகாப்பு ஏற்பாடாக இணைத்திருக்கிறார். ஆட்கள் இல்லாத குறைக்கு என் கையொப்பமே பதிலாக நிற்கிறது. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

9. குறிப்பைப் படிப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. நான் கடற்கரையில் பிறந்தவள் அல்லள். இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை. எட்டுப் பேர் இருந்தவரை அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

10. மே 18 நிகழ்வை நான் உடனே தங்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் தராதது தவறு. தந்தால் லீக்கையே நிறுத்திவிடுவார்கள், முதலில் பெண் பிள்ளைகளைத்தான் கடலுக்கு அனுப்ப மறுப்பார்கள் என்று பயந்தேன். இப்போதும் பயப்படுகிறேன். அனிட்டாவின் தாயார் ஜோதிமேரியிடம் மட்டும் என் பிழையை நானே போய்ச் சொன்னேன். "ஆளுக தண்ணியில நிக்கிறதா இருந்தா அனுப்புறேன், நீங்க பொறுப்பு" என்றார். நிற்பார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். தேதி மாறும் என்று அப்போது தெரியாது. அனிட்டா இறுதிச் சுற்றில் மூன்றாவதாகக் குதிக்க இருக்கிறாள். "கால் சரியாப் போச்சு டீச்சர், பேர மட்டும் வெட்டிறாதீங்க" என்று என் பின்னாலேயே வருகிறாள்.

11. ஆகவே நான் கேட்பது லீக்கை நிறுத்தும்படி அல்ல.

(அ) இறுதிச் சுற்றை 14ஆம் தேதி வெள்ளி மாலை, ஆட்கள் கரையில் இருக்கும்போதே நடத்த உத்தரவிட வேண்டும். பரிசுகளை விருந்தினர் மறுநாள் கொடுக்கலாம்.

(ஆ) அது இயலாதெனில், முங்கி மீட்கத் தெரிந்த தீயணைப்புத் துறை வீரர்கள் எட்டுப் பேரையாவது தண்ணீரில் நிறுத்த வேண்டும்.

(இ) இரண்டும் இயலாதெனில், படகுகள் கரையில் நிற்கும் வேறொரு நாள் வரை டைவிங்கை மட்டும் தள்ளிவைக்க வேண்டும்.

என் ஏப்ரல் மாதக் குறிப்பை இந்த மனுவின் மூலம் திரும்பப் பெறுகிறேன். அதை எந்த அனுமதிக்கும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

12. உத்தரவு வராவிட்டால் சனிக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். நான் போகாவிட்டால் வேறு யாராவது பெயர் வாசிப்பார்கள், பிள்ளைகள் குதிப்பார்கள். ஆகையால் போவேன். ஜெட்டியில் நின்று மூன்றாவது பெயரையும் நானே வாசிக்க வேண்டியிருக்கும். வாசித்த பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. அந்த நிலையில் என்னை நிறுத்திவிட வேண்டாம் என்று தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன.

இணைப்பு: ஏப்ரல் மாதப் பாதுகாப்புக் குறிப்பின் நகல், மருத்துவமனைச் சீட்டின் நகல் (தாயாரின் ஒப்புதலுடன்).

இடம்: ராமநாதபுரம்
நாள்: 10.06.2024, திங்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள்

இங்ஙனம்,
மு. நாகஜோதி