ஞாயித்துக்கிழமை காலை எனக்கு வேணும்

சென்னை
14.8.2007

அன்புள்ள அம்மாவுக்கு செழியன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா?

போன வாரம் சாயங்காலம் வெப்கேம்ல பேசுறப்ப நான் பாதி வாயத் தெறந்தபடி அப்படியே நின்னுட்டேன். நீ என்ன சொன்ன? "என்னப்பு, செலையாட்டம் நிக்கிற? சிங்கப்பூர்ல இருக்க உங்கண்ணன் எம்புட்டுத் தெளிவா தெரியிறான்!" எனக்கு வயிறு எரிஞ்சிருச்சும்மா. புதுக் கேமராவே வாங்கிட்டேன்.

அப்புறந்தான் நெட்ல தேடித் தேடிப் படிச்சேன், கொறை கேமராவுல இல்ல. நம்ம திண்டுக்கல் வீட்டு கேபிள் நெட்டு தெரு முழுக்க ஒரே லைனு. சாயங்காலம் எல்லாரும் உக்காந்தா ஸ்பீடு படுத்துரும். அண்ணன் ஞாயித்துக்கிழமை விடியக்காலம் வெப்கேம்ல வாரான், தெருவே தூங்குது, அதான் ஜொலிக்கிறான்!

இனி அந்த நேரம் எனக்கு. சாயங்காலம் அவன் செலையா நிக்கட்டும். நான் எளச்சிட்டேனான்னு நீ நல்லாப் பாத்துச் சொல்லணும்.

ஆபீஸ் வேன் வந்திருச்சு.
செழியன்