அண்ணா, அது கெடுக்கும் புழு இல்லை

என் அன்பு அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கூரத்து வீட்டில் உன் அவரைப் பந்தலை அண்ணி மறுபடியும் போட்டிருக்கிறார். தைப் பனிக்குக் கொழுந்தெல்லாம் கருப்பாக அசுவினிப் பேன் அப்பிக் கிடக்கிறது; சாற்றை உறிஞ்சிக் கொழுந்தைச் சுருட்டுவது அதுதான். இன்று ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரத்திலிருந்து போயிருந்தேன். அண்ணி இலையில் எதையோ கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டிருந்தார். நீ செய்வாயே, அதைப் போலவே.

“இன்னா அண்ணி பண்றீங்க?”

“பச்சைப் புழு தம்பி. இதாலதான் கொழுந்து சுருண்டு போவுதுன்னு உங்க அண்ணன் சொல்லுவாரே. நாளைக்குக் காலைல மருந்தும் அடிச்சுடலாம்னு இருக்கறேன்.”

பந்தலுக்கு மேலே ஒரே இடத்தில் அசையாமல் நின்று பறக்குமே, மஞ்சளும் கருப்பும் வரிவரியாக, கொட்டிவிடும் என்று நீ துண்டால் விரட்டுவாயே, அந்தப் பூ ஈயின் புழு அது. அந்த ஈக்குக் கொடுக்கே கிடையாது. குளவி வேஷம் போட்டுப் பிழைக்கிறது. பூவில் தேனும் மகரந்தமும்தான் அதற்கு ஆகாரம். ஆனால் அசுவினி இருக்கும் கொழுந்தாகத் தேடிப் போய் வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும். பொரிந்து வரும் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. தலையை இப்படியும் அப்படியும் வீசித் துழாவும். தட்டுப்பட்ட அசுவினியைக் கவ்வி, அந்தரத்தில் தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை உதறும். கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். மருந்தடித்தால் அதுவும் சாகும். தப்பிய அசுவினி சில நாளில் மறுபடி பெருகிவிடும், தின்ன ஆளில்லாமல்.

இதெல்லாம் போன வருஷமும் எனக்குத் தெரிந்ததுதான். நீ நசுக்கியபோது பக்கத்தில்தானே நின்றேன்?

நான் விலங்கியல் முடித்து வந்த மாதம், மாமா வீட்டுக் கல்யாணப் பந்தியில் நீ சொன்னாய்: “ஈ ஓட்டுறதுக்குக் காலேஜ் போயி பட்டம் வாங்கிக்கினு வந்துக்கீறான்பா எங்க தம்பி.” பந்தியே சிரித்தது. இலையைப் பார்த்தபடி நான் சாப்பிட்டு முடித்தேன். இருபத்தைந்து வருஷமாக அதை மறக்கவில்லை. நசுக்கட்டும் என்று விட்டேன். மூன்று முறை மருந்தடித்தாய், கடைசியில் கொடியையே பிடுங்கிப் போட்டாய். ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. உன்னிடம் பொய் சொல்வானேன்?

இன்று அண்ணியிடம் சொன்னேன். ஒரு புழு அசுவினியைத் தூக்கிக் குடிப்பதைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இது உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“காலேஜ்லேர்ந்து.”

“அவரு உயிரோட இருக்கச்சொல்ல ஏன் தம்பி சொல்லல?”

நான் சுருண்ட கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அண்ணி உள்ளே போய்விட்டார். மருந்து டப்பா பந்தல்காலடியில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நாளைக்கு அடிப்பாரா, விடுவாரா? நான் சொன்னதை நம்பினாரா? நம்பினால் இன்னும் மோசமில்லையா?

காலையில் முதல் பஸ்ஸுக்குக் கூரம் போகிறேன். ஏன் சொல்லவில்லை என்பதை, ஒன்றையும் மறைக்காமல் அண்ணியிடம் சொல்லிவிடுவேன். அதற்குள் மருந்தடித்து முடித்திருந்தாலும் சொல்வேன் அண்ணா.

தெரிந்தும் சொல்லாமல் நின்ற,
உன் தம்பி