டாக்டரம்மா சொன்னது வேறு, அண்ணே

என் உசுருக்கு உசுரான அண்ணனுக்கு,

நீ இருக்கிற இடத்தில் குளிர் உண்டா? இங்கே கொடைக்கானலில் பனி கொட்டுகிறது. நான் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். உன் தங்கச்சி இங்கிலீஷ் பேசுகிறாள், நம்புவாயா?

சேதி அதுவல்ல. உன் முதலாளி என் வார்டில் படுத்திருக்கிறார். செண்பகனூர் வளைவில் ஜீப் கவிழ்ந்து, வலது தோள்மூட்டு உருண்டை உட்காருகிற கிண்ணம் உடைந்துவிட்டது. உடனே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தோளைத் திறந்து, உடைந்த துண்டை ஸ்குரு வைத்து முடுக்கி, கையைப் பழக்குவதற்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

உனக்கும் உடைந்தது அதே இடம்தான், அண்ணே.

பூண்டு மூட்டையோடு நீ விழுந்த அன்று வெள்ளைக்கார டாக்டரம்மா இங்கிலீஷில் எவ்வளவு நேரம் பேசினார்! நமக்கு ஒன்றும் புரியாமல், இங்கிலீஷ் தெரிந்த முதலாளி வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். "தோளு எறங்கிருச்சாம்லே. ஏத்தி விட்டாச்சு. வெரசா சோலியப் பாரு" என்றார். சுமை தூக்குகிற நம் ஊரில் தோள் இறங்காத ஆள் யார்? நம்பிவிட்டோம். அப்புறம் உன் வலக்கை தலைக்கு மேல் போகவே இல்லை. குதிரைப் பாதையில் சறுக்கியபோது மேலே தொங்கிய வேரைப் பிடிக்கவும் அது எழவில்லை. பள்ளத்திலிருந்து உன்னைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள்.

நேற்று டாக்டரிடம் முதலாளி இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னார்: என் ஆள் ஒருத்தனுக்கும் இதேதான் உடைந்தது, மதுரையில் ஆப்பரேஷன் என்றார்கள், பூண்டு ஏற்றுகிற நேரத்தில் யார் ஆளை விடுவது? நான் பக்கத்தில் நின்று கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். நான் யார் என்றோ எனக்குப் புரியும் என்றோ அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஸ்குருவைப் பிடுங்கி எறிந்தால் என்ன?

இன்று வெள்ளனே போய், "கையத் தூக்குங்க" என்றேன்.

"வலிக்குதும்மா, போதும்."

"தூக்குங்க முதலாளி. நான் வேலுச்சாமி தங்கச்சி. நேத்து நீங்க பேசுன இங்கிலீசு எனக்குத் தெரியும்."

முகம் செத்துப்போனது. "அது... அப்ப வந்து தாயி..."

"பேசாதீங்க. தூக்குங்க."

அழுதுகொண்டே தூக்கினார். எனக்கு இனித்தது. உன்னிடம் மறைப்பானேன்?

அந்தக் கையை நான் குணமாக்கியே தீருவேன், அண்ணே. இரக்கப்பட்டு அல்ல. குணமானதும் நம் ஊர் கூடுகிற மந்தைக்கு வரவேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வராவிட்டால் நானே ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். அம்மாவுக்கு முன்னால் அந்த வலக்கையை உச்சிக்குத் தூக்கி, அன்று டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவர் வாயாலேயே தமிழில் சொல்லவைப்பேன்.

இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
பேச்சியம்மா