வாள் பறிபோகாத சாமுராய்

மரைன் ஹில், போர்ட் பிளேர்
4 ஜூன் 2024

அன்பு ஈஸ்வரா,

இங்கு நானும் பஸீலாவும் குழந்தையும் நலம். நீயும் மாமா வீட்டாரும் நலமாக இருக்கவேண்டும். போன் போட்டால் ஹலோ ஹலோ என்று கத்தியே நேரம் போய்விடுகிறது, கப்பல் தபாலே தேவலை. ஆனால் நீ எழுதுவது எப்போதும் அரைப் பக்கம். கட்சால் தீவில் பேப்பருக்குமா பஞ்சம்?

நம் வீடியோ கேம் சாமுராய் வசமாக மாட்டிக்கொண்டான். ஒப்பந்தப்படி பட்டனை அழுத்துவது நான், நல்லது கெட்டதை முடிவு செய்வது நீ. அதனால் கேள். கொள்ளைக்காரர்கள் படகில் வருகிறார்கள் என்று ஒரு மீனவன் இவனிடம் வந்து சொன்னான். கரையில் தீ மூட்டி ஊரை எழுப்பும் காவல்காரனிடம் இவன் அதைப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வழியில் ஒருவன் சண்டைக்குக் கூப்பிட்டான், நான் ஆசைப்பட்டு இறங்கிவிட்டேன். அதற்குள் ஊர் எரிந்துவிட்டது. இப்போது பிரபு கேட்கிறார்: தவறு யாருடையது?

இரண்டே பதில். 'என்னுடையது.' 'காவல்காரனுடையது.' ஒருமுறை அழுத்தினால் பிறகு மாற்ற முடியாது. டிவியை அணைத்து வைத்திருக்கிறேன். உன் கடிதம் வரும்வரை பிரபு காத்திருக்கட்டும்.

உன்
ஷமீர்

*

கட்சால்
15 ஜூன் 2024

பிரியமுள்ள ஷமீர்,

அரைப் பக்கம் என்று திட்டினாயே, இன்று முழுப் பக்கம். இங்கே மழை விடவில்லை. ரப்பர் தோட்டத்து ஆபீஸில் காகிதமெல்லாம் நமுத்துப்போய்க் கிடக்கிறது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'என்னுடையது' என்று அழுத்து. காவல்காரனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அவன் என்ன செய்வான் பாவம்.

நான் இதைச் சொல்லக் காரணம் உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் அந்த மே மாதம், படகுக் கம்பெனியில் காற்று எச்சரிக்கையைப் போனில் கேட்டுச் சீட்டில் எழுதி, மாடிக்குக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தது நீ. அதைப் பார்க்காமல் படகைக் கிளப்பச் சொன்னது நான். நம் படகுக்காரர் பன்னீர்செல்வம் அண்ணன் கால் படகுக்கும் படகுத்துறை ஜெட்டிக்கும் நடுவே நசுங்கியது. விசாரணையில் "சீட்டைப் பார்த்த ஞாபகமே இல்லை" என்றுதான் சொன்னேன். தொலைத்துவிட்டேன் என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பியது நியாயம்தான். நம் ஆளாவது நிமிர்ந்து நின்று சொல்லட்டும்.

பஸீலாவுக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம்.

ஈஸ்வரன்

*

மரைன் ஹில்
27 ஜூன் 2024

அன்பு ஈஸ்வரா,

கடிதம் வந்தது. நீ சொன்னபடியே அழுத்திவிட்டேன். பிரபு கொஞ்சம் முறைத்தார், அப்புறம் விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சேதி, வடக்குக் கோட்டையைப் பிடித்தாயிற்று! கொள்ளைத் தலைவனோடு பாலத்தின்மேல் சண்டை. ஆறு தடவை செத்தேன். ஏழாவது தடவை வாளை உருவி ஒரே வீச்சு, ஆள் ஆற்றுக்குள். நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. பழைய கதையை இப்படிக் கடிதத்துக்குக் கடிதம் கிளறாதே. நடந்தது நடந்துவிட்டது. உனக்கும் நல்லதில்லை, படிக்கிற எனக்கும் நல்லதில்லை.

ஷமீர்

*

கட்சால்
9 ஜூலை 2024

ஷமீர்,

உன் கடிதத்தைப் பெருமையாகப் பாலகுமாரிடம் வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியார், இதே கேமை லேப்டாப்பில் முடித்தவர். வாள் என்றதும் நிறுத்தச் சொன்னார். "உங்க ஃப்ரெண்டு பொய் சொல்றார் சார். 'என்னுடையது'ன்னு சொன்னா பிரபு வாளைப் பிடுங்கிருவார். கடைசி வரைக்கும் வெறும் தடிதான்" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் அந்த இடத்தையே எடுத்துப் போட்டுக் காட்டினார். வாளைப் பிடுங்குகிறார்கள். மற்றப் பதிலைச் சொன்னால் காவல்காரனைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். அதையும் பார்த்தேன்.

நீ காவல்காரனைக் காட்டிக்கொடுத்திருக்கிறாய். போகட்டும், விளையாட்டு. வாளை விட மனசில்லை என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். அதை ஏன் என்னிடம் மறைத்தாய்? மூன்று நாளாக இதே யோசனை. ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. அன்றைக்கு அந்தச் சீட்டை என் மேஜையில் எந்தப் பக்கம் வைத்தாய்?

ஈஸ்வரன்

*

மரைன் ஹில்
20 ஜூலை 2024

ஈஸ்வரா,

வைக்கவில்லை. சீட்டே எழுதவில்லை.

போன் வந்தபோது டிக்கெட் கவுண்ட்டரில் கூட்டம். ஒரு குடும்பம் கத்திக்கொண்டிருந்தது. அவர்களை அனுப்பிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன், மறந்துபோனேன். அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்களே, அப்போதுதான் நினைவு வந்தது. கம்பெனியின் பெரிய சாப் கேட்டபோது, ஈஸ்வரன் மேஜையில் வைத்தேன் என்றேன். வாய் தவறி வந்தது என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். அப்போது பஸீலாவுக்கு ஏழு மாதம்.

நீ மறுப்பாய் என்று பயந்திருந்தேன். ஞாபகம் இல்லை என்று நீ சொன்னாய் பார், அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இரண்டு பதிலும் திரையில் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. காவல்காரன்மேல் போடு என்று நீ எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ வேறு மாதிரி எழுதினாய். 'என்னுடையது' என்று அழுத்திப் பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் என்ன செய்யவேண்டும் சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

ஷமீர்

*

கட்சால்
2 ஆகஸ்ட் 2024

ஷமீருக்கு,

இரண்டு வருஷமாக என் புத்தியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சீட்டு நினைவுக்கு வரவில்லையே, மறதி வியாதியோ என்று டாக்டரிடம் போனேன். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். மாமா பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகச் சொன்னால் மாட்டேன் என்கிறேன். என்னை நம்பி யாரையும் விட எனக்கே பயம்.

வேலையை எடுத்துக்கொண்டாய், அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னையே நான் நம்பாதபடி செய்துவிட்டாயே, பாவி.

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். யாரிடமும் காட்டவில்லை. பன்னீர்செல்வம் அண்ணன் லம்பா லைனில்தான் இருக்கிறார், உனக்கு வழி தெரியும். என்ன செய்யவேண்டும் என்று என்னைக் கேட்காதே. இனி உனக்காக நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

ஈஸ்வரன்

*

மரைன் ஹில்
14 ஆகஸ்ட் 2024

ஈஸ்வரா,

நேற்று உன் உறை கிடைத்தது. நேற்றே லம்பா லைன் போனேன். அண்ணன் வீட்டில் செல்லம் அக்கா டீ கொடுத்தார்கள். என் கடிதத்தை நானே வாசித்தேன். பாதியில் நிறுத்தினேன். "படி, படி" என்றார் அண்ணன். முழுக்கப் படித்தேன்.

காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஈஸ்வரன் இங்க வந்து என் இருக்குற காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதானே, அன்னிக்கு நீயும் கூட வந்திருந்தியேப்பா. தோள்ல தட்டிக் கூட்டிட்டுப் போனது நீதானே?" என்றார்.

ஆமாண்ணே என்றேன். செல்லம் அக்கா என் முன்னாலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

இன்று காலை பெரிய சாப்பிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். "கர் ஜாவ்", வீட்டுக்குப் போ என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடி விசாரணை வைப்பார்களாம், உன்னைக் கூப்பிடுவார்கள். பஸீலாவிடமும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "ஒண்ணும் செய்யாதவன்கிட்ட, போடா உன்னை மன்னிச்சுட்டேன்னு பெரிய மனுசன் மாதிரி சொல்லி அனுப்பிட்டேனே. அவனை ஒரு தடவை வரச் சொல்லு. நான் மன்னிப்புக் கேக்கணும்."

எந்தக் கப்பலில் வருகிறாய் என்று அவருக்கு எழுது. ஊன்றுகோலோடு ஜெட்டிக்கு வந்து நிற்பேன் என்கிறார். நான் அங்கே வரமாட்டேன்.

ஷமீர்