டஸ்ட் என்ற சொல்லும் உன் ஞாயிறு வகுப்பும்

எனக்கு முன்னே பிறந்து, என் முதல் சொல்லைக் கேட்ட அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. ராணிக்கு வேலை கிடைத்துவிட்டது. உன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் நின்றுபோகவில்லை. இந்த இரண்டையும் உன்னிடம் சொல்லாமல் இன்று வேறு எதையும் என்னால் எழுத முடியாது. ஏழு மாதமாக என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் நேற்றுத்தான் இறங்கியது.

உன்னை அடக்கம் செய்த நாளில் நான் பேசியது உனக்குக் கேட்டதா? மர்பி டவுனில் நாம் பிறந்த தெருவே கூடியிருந்தது. யாரோ ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தால் சும்மா இருப்பேனா? "என் தமக்கையின் வகுப்பு ஒரு வாரம்கூட நிற்காது! நானே நடத்துவேன்!" என்று முழங்கிவிட்டேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு, வேலையிடத்தில் வேண்டிய ஆங்கிலத்தைச் சொல்லித்தரும் வகுப்பு அது. நானோ நாற்பது ஆண்டுகளாக மேடைதோறும் ஆங்கிலக் கலப்பைச் சாடியவன்.

அடுத்த ஞாயிறு ஜீவனஹள்ளியில் உன் வீட்டு முன்னறைக்குப் போனேன். பாயில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு சொல்: டஸ்ட். அதன்கீழே ஒரு வரிகூட இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே பிறந்தவனைப்போல எழுந்து நின்றேன்.

"தாய்மார்களே! தூசியைத் துடைத்து எடுப்பதற்கும் டஸ்ட் என்பான். மாவை மேலே தூவுவதற்கும் டஸ்ட் என்பான். எடுப்பதற்கும் இடுவதற்கும் ஒரே சொல்! நம் மொழியில் அந்த வறுமை உண்டா? துடைத்தல் வேறு, தூவுதல் வேறு!" முக்கால் மணி நேரம் பேசினேன், அக்கா.

வசந்தாவை உனக்குத் தெரியும். காக்ஸ் டவுனில் மூன்று வீடுகளில் சமைப்பவள். மனத்தில் பட்டதை அடக்கி வைக்காதவள். "அண்ணா, ஸ்வல்ப மெதுவா. மைக் இல்லன்னு கத்துறீங்களா? எதிர்வூட்டு நாய் எழுந்துடுச்சு பாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் எட்டுப் பேர். பிறகு ஐந்து. கோடை முடிவதற்குள் மூன்று. நின்றுபோனவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. தெருவில் பார்த்தால், "வேலை இருக்குதுண்ணா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கூட்டம் கலைவதை மேடையிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் உன் பாய் வெறிச்சோடியபோது, உன்னை இரண்டாம் முறை அடக்கம் செய்வதுபோல இருந்தது. அதை என் வாயாலேயே செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் பொறுக்கவில்லை.

நேற்றைக்கு முந்தைய ஞாயிறு, ராணி ஒரு செய்தியோடு வந்தாள். முழங்கால் வலியோடு நாள்தோறும் ஆறு வீட்டு மாடிப்படி ஏறுகிறாளே, அந்த ராணி. அல்சூர்ப் பக்கம் கேக் செய்யும் கூடம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம். ஒரே இடத்தில் வேலை, படி ஏற வேண்டாம். ஆனால் ஒரு நாள் வேலை செய்து காட்ட வேண்டும். மேற்பார்க்கும் அம்மையாருக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது.

"வியாழக்கெழம போவணும்ணா. அதுக்குள்ள அந்த டஸ்ட்டு சமாச்சாரம் எனக்குப் பழகிடணும். அங்க அது நெறைய வருமாம். இது போச்சுன்னா மறுபடியும் படிதான்."

தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். அவள் முழங்காலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வாழ்நாளில் எத்தனை கேள்விகள் கேட்டிருப்பேன்! இதைப் பொறுப்போமா, நாம் உறங்கலாமா என்று. அவற்றுள் ஒன்றையாவது விடை தெரியாமல் கேட்டிருக்கிறேனா? யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறேனா? அன்று பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "அக்கா இதையெல்லாம் உங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாள்?"

"இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றாள் வசந்தா.

உன் சமையலறைக்குள் போய் ஒரு துணியும் ஒரு கிண்ணம் மைதாவும் கொண்டுவந்து வைத்தாள். இடுப்பில் கைவைத்து, "டஸ்ட் த டேபிள்!" என்று ராணியை அதட்டினாள். ராணி துணியையும் தொடவில்லை, மாவையும் தொடவில்லை. நிமிர்ந்து நின்று, "வித் வாட், மேடம்?" என்றாள்.

"அவ்ளோதாண்ணா. டீச்சர் அர்த்தம் சொல்லவே மாட்டாங்க. சொல்றவங்க கையப் பாரு, நீ நிக்கிற எடத்தப் பாரு, அப்பவும் புரியலன்னா கூச்சப்படாம திருப்பிக் கேளுன்னுவாங்க. திட்டுவாங்கன்னு பயந்து கேக்காமயே தப்புப் பண்றவங்கதானே நாங்கல்லாம்?"

குறிப்பேட்டின் அந்த வெற்றிடம் எதற்கென்று அப்போது விளங்கியது.

அன்று மாலைவரை அந்த அம்மையார் நான்தான். அலமாரியைக் காட்டி ஆணையிட்டேன், துணி வந்தது. சப்பாத்திப் பலகையைக் காட்டினேன், மாவு வந்தது. எதையும் காட்டாமல் சொன்னேன், கேள்வி வந்தது. என் வெள்ளைச் சட்டை முழுக்க மைதா. இப்படி ஒரு கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

வியாழன் மாலை ராணியின் அழைப்பு வந்தது. "ரெண்டு வாட்டி திருப்பிக் கேட்டேண்ணா. அந்தம்மா திட்டல. கேட்டுச் செய்றவங்கதான் வேணும்னாங்க. திங்கக்கெழமலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க!" நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று பாயில் ஒன்பது பேர். ராணிதான் வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "அண்ணன் இப்ப பேசறதில்ல, வாங்க." என்னைப் பற்றி இதுவரை எவரும் சொல்லாத புகழ்மொழி! இன்று காலை அவள் வேலைக்குச் சேர்ந்திருப்பாள்.

ஒன்று கேட்கிறேன், அக்கா. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட என்னை ஏன் வகுப்புக்குக் கூப்பிடவில்லை? கூப்பிட்டால் பேசிவிடுவேன் என்றா? இல்லை, ஞாயிறுகளில் அங்கே என்ன செய்கிறாய் என்று நானாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாயா? நான் கேட்கவே இல்லையே.

இம்முறை ஒலிபெருக்கி இல்லாமல் வாக்குத் தருகிறேன். ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு உன் கதவைத் திறப்பேன். பாயை நான் விரிப்பேன். குறிப்பேட்டில் வரும் ஞாயிற்றுக்கான பக்கத்தில் லீவ் என்று எழுதி வைத்திருக்கிறாய். விடுப்பு என்பதும் தெரியும், விட்டுப் போவது என்பதும் தெரியும். இரண்டையும் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பேன்.

பாயின் ஓரத்தில் இடம் கிடைத்த,
உன் தம்பி